கம்பளிப் புழுவை உண்ணும் சுடலைக் குயில்

மானாவாரி நிலக்கடலையைக் கம்பளிப் புழுக்கள் தாக்கினால் இலைகள் போய் வெறும் காம்புகளே மிஞ்சும். ரோமம் நிறைந்த இப்புழுக்களைப் பெரும்பாலான பறவைகள் தொடுவதில்லை. விரும்பி உண்ணும் சில பறவைகளுள் ஒன்று சுடலைக் குயில்.

தோற்றம்: மைனாவைவிடச் சற்று மெலிந்த உடல், நீண்ட வால். தலையில் கூரிய கொண்டை உண்டு. மேற்புறம் கறுப்பு, அடிப்புறம் வெண்மை. பறக்கும்போது இறக்கையில் வெள்ளைத் திட்டும், வால் நுனியில் வெண்மையும் தெரியும்.

வருகை: தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இதன் ஓர் உள்ளினம் நிலையாக வாழ்கிறது. மற்றோர் உள்ளினம் தென்மேற்குப் பருவக்காற்றையொட்டி ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வட இந்தியாவுக்கு வருகிறது. மழைக்கு முன்னோடியாக வருவதால் இதனையே சாதகப் பறவை என்பர். மழைத்துளியை மட்டுமே அருந்தும் என்பது கற்பனையே. இதன் பயணத்தை அறிய 2020-ஆம் ஆண்டில் இரு பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்டது.

பழக்கம்: புழுவை அலகால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அழுத்திக் குடலைப் பிதுக்கிய பின்பே விழுங்கும். வெட்டுக்கிளி முதலியவற்றையும் உண்ணும். இது கூடு கட்டுவதில்லை. தவிட்டுக் குருவியின் கூட்டில் முட்டையிடும். முட்டை இரண்டும் நீல நிறமாதலால் தவிட்டுக் குருவி வேறுபாடு அறியாது அடைகாத்துக் குஞ்சையும் வளர்க்கும்.

எனவே தவிட்டுக் குருவி இருந்தால்தான் சுடலைக் குயிலும் பெருகும். அக்குருவி கூடு கட்டும் வேலிப் புதர்களையும் முள்மரங்களையும் அடியோடு அழித்தல் கூடாது.

ஆயினும் பறவையை மட்டும் நம்பிப் பயிரை விட்டுவிட இயலாது. கோடை உழவு செய்து மண்ணிலுள்ள கூட்டுப்புழுக்களை வெளிப்படுத்துதல் வேண்டும். முதல் மழை பெய்ததும் இரவில் விளக்குப்பொறி வைத்துத் தாய் அந்துப்பூச்சிகளைக் கவர்ந்து அழிக்கலாம். முட்டைக் குவியல்களையும், இலையைச் சல்லடையாக அரிக்கும் இளம் புழுக்களையும் இலையோடு கிள்ளி அழித்தல் நன்று. வளர்ந்த புழுக்கள் வயலுக்கு வயல் பரவாமலிருக்க வரப்போரம் 30 செ.மீ. ஆழத்திற்குக் குழி வெட்டலாம். இவற்றை ஊரார் அனைவரும் ஒரே சமயத்தில் செய்தால்தான் முழுப்பயன் கிட்டும்.

தேவையின்றி மருந்து தெளித்தால் புழு உண்ணும் பறவைக்கும் கேடு விளையும். வேலியைக் காத்து மருந்தைக் குறைத்தால், கூலி கேட்காத இக்காவலாளி ஆண்டுதோறும் வயலுக்கு உதவி வரும்.