எடிட் செய்த படத்தின் அசல் ஒலி எங்கே இருக்கிறது?

கம்ப்யூட்டர் வாங்கிய சில நாட்களிலேயே பலரும் வீடியோ எடிட்டிங்கில் இறங்கிவிடுகிறார்கள். நேற்று வரை நன்றாக ஓடிய புராஜக்ட், இன்று திறந்தால் சிவப்புத் திரையில் "மீடியா ஆஃப்லைன்" என்று காட்டுகிறது. உழைப்பெல்லாம் போய்விட்டதோ என்று பயந்து விடுகிறோம். பெரும்பாலும் எதுவும் போயிருக்காது. காரணத்தைப் பார்ப்போமா?

புராஜக்ட் பைலில் என்ன இருக்கிறது?

புராஜக்ட் பைலுக்குள் படமும் இல்லை, ஒலியும் இல்லை. நூலகத்தில் உள்ள அட்டையைப் போன்றது அது. அட்டையில் புத்தகம் இருக்காது. எந்த அலமாரியில் இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். அதேபோல டைம்லைனில் உள்ள ஒவ்வொரு துண்டுக்கும் பைலின் பெயர், அது இருக்கும் போல்டர், எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது ஆகியவை எழுதப்பட்டிருக்கும். போல்டரை நகர்த்தினாலோ, பைலின் பெயரை மாற்றினாலோ தொடர்பு அறுந்துவிடும். நேற்று 'இ' டிரைவாக இருந்த வெளி ஹார்ட் டிஸ்க் இன்று 'எஃப்' ஆக வந்தாலும் இதே கதைதான்.

சினிமாவில் ஏன் இது முக்கியம்?

தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் வசனத்தைப் பிறகு டப்பிங்கில் பதிவு செய்வது வழக்கம். படப்பிடிப்பிலேயே நேரடியாக ஒலிப்பதிவு செய்த படங்களும் உண்டு. இந்தியில் 2001-ல் வந்த 'லகான்', தமிழில் 2004-ல் வந்த 'விருமாண்டி' ஆகியவை உதாரணம். இப்படி எடுக்கும்போது ஒவ்வொரு நடிகரின் சட்டை மைக்கும், மேலே நீட்டிப் பிடிக்கும் பூம் மைக்கும் தனித்தனி டிராக்கில் பதிவாகும். எடிட்டருக்கு எல்லாம் கலந்த ஒரே டிராக் போதும். படத்தை வெட்டி முடித்த பிறகு, ஒலி வல்லுநருக்குத் தனித்தனி டிராக்குகள் தேவை. டைம்லைனில் உள்ள ஒவ்வொரு துண்டையும் அதன் அசல் பதிவோடு மீண்டும் இணைப்பதே ரீலிங்க்.

எங்கள் பகுதியில் இதன் அருமை நன்றாகத் தெரியும். பல்லாவரத்தில் படம் எடுத்தால் மீனம்பாக்கம் விமானம் குறுக்கிடும். தாம்பரத்தில் மின்சார ரயில் ஹார்ன் அடிக்கும். சேலையூரில் சில கல்லூரி மாணவர்கள் எடுத்த குறும்படத்தில், ஒரு பாட்டி பேசும் முக்கியமான வசனத்தின் மேல் ஹார்ன் விழுந்திருந்தது. சட்டை மைக்கில் ஹார்ன் சத்தம் குறைவு, குரல் தெளிவு. பாட்டி நடிகை அல்ல. டப்பிங்கில் அந்தப் பேச்சு மீண்டும் வராது. ஆனால் தனி டிராக் பைல்களுக்கெல்லாம் புதுப் பெயர் வைத்திருந்தார்கள். எது எந்தக் காட்சி என்றே தெரியவில்லை.

கை கொடுத்த நேரக் குறிப்பு

ஐரோப்பிய ஒலிபரப்பாளர் சங்கம் 1997-ல் வெளியிட்ட பிராட்காஸ்ட் வேவ் என்ற முறையில், பதிவு தொடங்கிய நேரமும் பைலுக்குள்ளேயே எழுதப்படும். நள்ளிரவிலிருந்து எத்தனை சாம்பிள் கடந்தது என்ற எண்ணாக அது இருக்கும். நொடிக்கு 48,000 சாம்பிள் என்றால், காலை 10:15:20 என்பது 36,920 நொடி. அதாவது 177,21,60,000 சாம்பிள்.

பைலின் பெயரை மாற்றினாலும் இந்த எண் மாறாது. எனவே கலந்த டிராக்கில் உள்ள எண்ணையும் தனி டிராக்குகளில் உள்ள எண்ணையும் ஒப்பிடும் சிறிய புரோகிராம் ஒன்றை எழுதினேன். ஜோடிகள் சேர்ந்தன, பாட்டியின் குரலும் கிடைத்தது. புரோகிராம் எழுதத் தெரியாதவர்கள் பிடபிள்யூஎஃப் மெட்டாஎடிட் என்ற இலவச மென்பொருளில் இந்த எண்ணைப் பார்க்கலாம். ஆனால் எம்பி3 ஆக மாற்றிவிட்டு அசலை அழித்திருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. ரிக்கார்டர், கேமரா இரண்டின் கடிகாரத்தையும் படப்பிடிப்புக்கு முன் ஒன்றாக வையுங்கள்.

2. மெமரி கார்டில் உள்ளதை அப்படியே ஒரு போல்டரில் காப்பி செய்யுங்கள். பெயரை மாற்றாதீர்கள். விளக்கம் வேண்டுமானால் தனியாக ஒரு நோட்பேட் பைலில் எழுதி வையுங்கள்.

3. இன்னொரு டிஸ்கிலும் ஒரு காப்பி எடுங்கள். இரண்டு காப்பியையும் திறந்து பார்த்த பிறகே கார்டை பார்மட் செய்யுங்கள்.

4. தொடர்பு அறுந்தால், டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் மீடியா பூலில் உள்ள கிளிப்பின் மேல் ரைட் கிளிக் செய்து 'ரீலிங்க் செலக்டட் கிளிப்ஸ்' கொடுத்து, சரியான போல்டரைக் காட்டுங்கள். அடோபி பிரீமியரில் இதற்கு 'லிங்க் மீடியா' என்று பெயர்.

5. டிரைவ் எழுத்து மாறியிருந்தால், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் பகுதியில் பழைய எழுத்தையே கொடுங்கள். வேறு எதையும் தொட வேண்டியதில்லை.

குறும்படத்துக்கு மட்டுமல்ல, வீட்டுக் கல்யாண வீடியோவுக்கும் தாத்தா பாட்டியின் பேச்சைப் பதிவு செய்வதற்கும் இதே விதிதான். எடிட் செய்ததை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் செய்யலாம். அசல் பதிவு ஒருமுறைதான் கிடைக்கும்.