பழைய சீனக் காசுகளும் சேகரிப்பாளரின் கடமையும்

நடுவே சதுரத் துளை கொண்ட வட்ட வடிவான சீனச் செப்புக் காசுகளை ஆங்கில நாணயவியலாளர் ‘காஷ்’ எனக் குறிப்பிடுவர். அச்சொல் சீன மொழிக்குரியதன்று. எமது தமிழ்க் ‘காசு’ போர்த்துக்கேயரின் நாவில் ‘கைஷா’ ஆகி, அவர்களிடமிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றதன் விளைவே அது. அக்காசுகளைச் சேகரிப்பது இன்று பல நாடுகளிலும் பரவலான பொழுதுபோக்காக விளங்குகின்றது. அதன் பயனையும், அதனுள் மறைந்திருக்கும் ஆபத்தொன்றையும் நாம் இங்கு நோக்குவோம்.

கி.மு. 221 இல் சீனாவை ஓராட்சியின் கீழ்க் கொண்டுவந்த பேரரசர் சின் ஷி ஹுவாங், அதுவரை கத்தி வடிவிலும் மண்வெட்டி வடிவிலும் வழங்கிய நாணயங்களை அகற்றி, ‘பன் லியாங்’ எனும் துளைக்காசை நாடு முழுவதற்கும் பொதுவாக்கினார். கி.மு. 118 இல் ஹான் பேரரசர் வூ வெளியிட்ட ‘வூ ஷூ’ காசு, பின்வந்த ஆட்சிகளினாலும் வார்க்கப்பட்டு ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைத்தது. இவ்விரு பெயர்களும் நிறையைக் குறிப்பனவாகும். கி.பி. 621 இல் டாங் வம்சத்தினர் ‘காய் யுவான் துங் பாவ்’ எனும் நான்கெழுத்துக் காசை வெளியிட்டபோது நிறைப்பெயர் கைவிடப்பட்டது. அவ்வெழுத்துகளை எழுதிக்கொடுத்தவர் புகழ்பெற்ற எழுத்துக்கலைஞரான ஓயாங் சுன் என்பது குறிப்பிடத்தக்கது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இவ்வடிவம் மாறவில்லை.

இக்காசுகள் அச்சினால் அடிக்கப்பட்டவையல்ல. உருக்கிய உலோகத்தை வார்ப்பில் ஊற்றிச் செய்யப்பட்டவை. வார்ப்பிலிருந்து மரக்கிளையில் காய்கள் போல ஒட்டி வரும் காசுகளை ஒடித்தெடுத்து, சதுரக் கோலொன்றில் கோத்து, அவை சுழலாத நிலையில் விளிம்புகளை அராவிச் சீராக்குவர். அதே துளை பின்னர் கயிற்றில் கோக்கவும் உதவியது. ஆயிரம் காசு ஒரு கோவை எனக் கணக்கிடப்பட்டது. சொங் வம்ச காலத்தில், 1080 ஆம் ஆண்டளவில், ஆண்டொன்றுக்கு ஐம்பது இலட்சம் கோவைகளுக்கு மேல் வார்க்கப்பட்டன. அதனாலேயே தொள்ளாயிரம் ஆண்டுகள் பழைமையான காசொன்றைப் பாடசாலை மாணவனொருவனும் இன்று சொற்ப விலைக்கு வாங்க முடிகின்றது. பழைமை வேறு, அருமை வேறு என்பதே சேகரிப்பாளர் கற்கும் முதற்பாடம் எனலாம்.

இரண்டாவது பாடம் வாசிப்பாகும். எழுத்துகளை மேல், கீழ், வலம், இடம் என்ற ஒழுங்கிலோ, மேலிருந்து வலஞ்சுழியாகவோ படிக்க வேண்டும். பெரும்பாலான காசுகளில் முதலிரு எழுத்துகள் ஆட்சிக்காலப் பெயரைத் தருகின்றன. சொங் பேரரசர்கள் அப்பெயரை அடிக்கடி மாற்றியமையால், ஒரு காசு வார்க்கப்பட்ட காலத்தைச் சில ஆண்டுகளுக்குள் வரையறுக்க முடிகின்றது. சிறந்த எழுத்துக்கலைஞராகவும் விளங்கிய ஹுய்சொங் பேரரசரின் கையெழுத்து அவர் காலத்துக் காசுகளில் இன்றும் அழியாதுள்ளது. பிற்பட்ட சிங் ஆட்சியில், 1759 இல் யார்க்கந்து, கஷ்கர் முதலிய முஸ்லிம் நகரங்கள் சீனாவின் வசமான பின்னர், அப்பகுதியில் வார்க்கப்பட்ட செந்நிறக் காசுகளில் நகரின் பெயர் மஞ்சு எழுத்திலும் அரபு வரிவடிவிலும் அருகருகே பொறிக்கப்பட்டது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு செப்புத் துண்டு இத்தனையையும் கூறுமாயின், அதனைச் சேகரிப்பது வீண்செயல் ஆகாது.

ஆயினும், ஒரு காசு தான் பிறந்த காலத்தை மட்டுமே தன் முகத்தில் தாங்கியுள்ளது. அது எங்கு சென்றது, எப்போது மண்ணுள் புதைந்தது என்பவற்றை, அது கிடைத்த இடமும் அதனோடு கிடைத்த பொருட்களுமே கூறவல்லன. காசுகளை வெளிநாட்டுக்குக் கொண்டு செல்வதைச் சொங் அரசு தடுக்க முனைந்தும் அவை கடல் கடந்தன. 1323 இல் கொரியாவின் சினான் கரையோரத்தில் மூழ்கிய கப்பலொன்றிலிருந்து 28 தொன் சீனக் காசுகள் மீட்கப்பட்டன. அவற்றுள் பெருந்தொகையானவை அக்கப்பலைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தவை. கப்பலின் காலத்தை உணர்த்தியது, சரக்குகளுடன் கிடைத்த திகதியிட்ட மரச்சீட்டுகளே. கென்யாவின் மண்டா தீவில் அகழ்வாராய்ச்சியின்போது கிடைத்ததாக 2013 இல் அறிவிக்கப்பட்ட யொங்லே பேரரசர் காலத்துக் காசு ஒன்றேயொன்றுதான். சந்தையில் அத்தகையதொன்று சாதாரணப் பொருள். ஆபிரிக்க மண்ணில், அறிஞர் கண்முன்னே வெளிப்பட்டமையே அதற்கு மதிப்பளித்தது.

எமது நாட்டுக்கும் இது பொருந்தும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் முதலாம் புவனேகபாகுவின் தலைநகராயிருந்த யாப்பஹுவவில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனக் காசுகள் அகழ்வுகளின்போது கிடைத்தன. இத்தகைய தொகுதியில் மிகப் பிந்திய காசு எதுவோ, அதற்குப் பின்னரே தொகுதி புதைந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர் கணிப்பர். தேய்ந்த நூறு காசுகளிடையே கிடக்கும் அந்த ஒற்றைக் காசை எவரேனும் எடுத்து விற்றுவிட்டால், எஞ்சியவை யாவும் பொய்ச்சாட்சியம் கூறத் தொடங்கிவிடும். அருமையானதைத் தெரிந்தெடுப்பது சேகரிப்பாளரின் இயல்பு; அனைத்தையும் ஒருங்கே வைத்திருப்பது வரலாற்றின் தேவை. இவ்விரண்டும் மோதும் இடத்திலேயே நாம் விழிப்பாயிருக்க வேண்டும்.

1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இவ்விடயத்தில் தெளிவானது. 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டதொரு தொல்பொருள் நிலத்திலிருந்து வெளிப்படுமாயின், காணிக்குச் சொந்தக்காரர் என்ற காரணத்தால் எவரும் அதற்கு உரிமை கோர முடியாது. கிணறு தோண்டும்போதோ வயலை உழும்போதோ காசு கிடைத்தால், அதனைக் கழுவாமல், பிரிக்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிப்பதே முறையாகும். புதையல் தேடுவோர் இரவோடிரவாகத் தோண்டிச் சிதைக்கும் இடங்களில் அழிவது தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் அனைவரதும் கடல்வணிக வரலாறே ஆகும். அதனை எழுதவல்ல ஏடுகள் எம்மிடம் குறைவு. மண்ணே எஞ்சியுள்ள ஏடு.

முறையான வழியில் காசு வாங்குவோருக்கும் சில நெறிகள் உண்டு. உல்லாசப் பயணிகளுக்கென அண்மையில் வார்க்கப்பட்ட போலிகள் ஏராளம். ஒரே இடத்தில் ஒரே பழுதுடன் பல காசுகள் காணப்பட்டால் ஐயுற வேண்டும். பித்தளைப் பாத்திரத்தைத் துலக்குவது போலப் புளியோ தேசிக்காயோ இட்டுத் தேய்த்தல் ஆகாது. காலம் படிய வைத்த பச்சைப் படலம் நீங்கினால் காசின் மதிப்பும் நீங்கிவிடும். மென்மையான பீவீசீ உறைகள் செப்பை அரிப்பதால் கடதாசி உறையே பாதுகாப்பானது. அவ்வுறையின் மேல், காசை எங்கு, எப்போது, யாரிடம் பெற்றோம், அவர் கூறிய பூர்வீகம் யாது என்பவற்றை எழுதி வைத்தல் வேண்டும். பூர்வீகம் கூற மறுக்கும் விற்பனையாளரிடம், அதிலும் குறிப்பாக அது இலங்கை மண்ணிலிருந்து கிளம்பியது என இரகசியமாகக் கூறுபவரிடம், வாங்காது திரும்புவதே நன்று.

எமது பிள்ளைகள் இப்பொழுதுபோக்கில் ஈடுபடுவதை நாம் வரவேற்கின்றோம். காசின் விலையைக் கேட்கு முன்னர் அது வந்த வழியைக் கேட்கும் பழக்கத்தையும் அவர்களுக்குச் சேர்த்தே ஊட்டுவது பெற்றோரதும் ஆசிரியரதும் பொறுப்பாகும்.