பேராசிரியர் வேலையை விட்டுப் பத்திரிகை நடத்தியவர்

1899-ம் ஆண்டு. அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அட்லாண்டா நகரம். கறுப்பர் இனத்தைச் சேர்ந்த ஒரு பேராசிரியர் கையில் ஒரு கடிதத்துடன் நடந்துகொண்டிருந்தார். பத்திரிகை ஆசிரியர் ஒருவரிடம் அதைக் கொடுக்க வேண்டும்.

சாம் ஹோஸ் என்ற கறுப்புத் தொழிலாளி மீது கொலைக் குற்றம் சாட்டியிருந்தார்கள். அது பற்றிய உண்மைகளை நிதானமாக எடுத்துச் சொல்லும் கடிதம் அது.

பாதி வழியில் செய்தி வந்தது. விசாரணை இல்லாமலே சாம் ஹோசை ஒரு கும்பல் கொன்றுவிட்டது. அவருடைய விரல் எலும்புகள் ஒரு மளிகைக் கடையில் காட்சிக்கு இருக்கின்றன!

பேராசிரியர் அப்படியே திரும்பிவிட்டார். ஊர் இப்படி எரியும்போது அறைக்குள் உட்கார்ந்து புள்ளிவிவரம் எழுதுவது எப்படி?

அவர்தான் டுபாய்ஸ். 1868-ல் பிறந்தவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்பர்.

புது உத்தியோகம்

1909-ல் கறுப்பர் உரிமைக்காக நியூயார்க்கில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். கோர்ட்டில் வழக்காடுவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. மறு ஆண்டு டுபாய்ஸ் கல்லூரி வேலையை விட்டு அங்கே போய்ச் சேர்ந்தார். விளம்பரத்துக்கும் ஆராய்ச்சிக்கும் இயக்குநர் என்பது அவர் பதவி. அப்போது அவருக்கு வயது 42.

வக்கீல் கோர்ட்டில் வாதாடுவார். வழக்கு நடப்பதே ஊருக்குத் தெரியாவிட்டால் பணம் யார் கொடுப்பார்கள்? சங்கத்தில் யார் சேருவார்கள்? அதற்காக டுபாய்ஸ் "கிரைசிஸ்" என்ற மாதப் பத்திரிகையை ஆரம்பித்தார். விலை 10 சென்ட். 1910 நவம்பரில் முதல் இதழ் 1,000 பிரதிகள். 1919-ல் ஒரு லட்சம்!

ஒக்லஹோமா மாநிலத்தில் ஒரு வேடிக்கையான சட்டம் இருந்தது. 1866-ம் ஆண்டுத் தொடக்கத்தில் தாத்தாவுக்கு ஓட்டு இருந்திருந்தால் பேரன் எழுத்துப் பரீட்சை இல்லாமல் ஓட்டுப் போடலாம். அடிமையாக இருந்த தாத்தாவுக்கு ஓட்டு ஏது? 1915-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டத்தைத் தள்ளியது. சங்கமும் தன் வாதத்தை அந்த வழக்கில் எழுதிக் கொடுத்திருந்தது.

1916-ல் டெக்சாஸ் மாநிலம் வேகோ நகரில் ஓர் இளைஞனைக் கும்பல் உயிரோடு எரித்தது. சங்கம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை அங்கே அனுப்பி விசாரித்தது. அவர் கொண்டுவந்த விவரங்களையும் படங்களையும் டுபாய்ஸ் தனி இணைப்பாக வெளியிட்டார். பார்க்கச் சகிக்காத படங்கள்தான். மறைத்திருந்தால் நம்பியிருக்கமாட்டார்கள்.

சிறுமியின் கடிதம்

ஒருநாள் ஒரு 12 வயதுச் சிறுமியின் கடிதம் வந்தது. வெள்ளைக்காரர்களை வெறுப்பதாக அவள் எழுதியிருந்தாள். டுபாய்ஸ் கலங்கிப்போனார். கொடுமைகளை மாதாமாதம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதைப் படிக்கும் குழந்தையின் மனம் என்ன ஆவது?

அதனால் 1920-ல் குழந்தைகளுக்கென்றே ஒரு மாத இதழ் கொண்டுவந்தார். கதை, பாட்டு, படம், கறுப்பரில் பெரியவர்களின் வரலாறு எல்லாம் அதில் உண்டு. இரண்டே ஆண்டுகளில் நின்றுவிட்டது. பாவம்!

அவரும் சறுக்கியது உண்டு. உலகப் போர் நடந்த 1918-ல், குறைகளை இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம் என்று எழுதினார். சொந்த வாசகர்களே சண்டைக்கு வந்தார்கள். மறு ஆண்டு, திரும்பி வரும் சிப்பாய்கள் ஊரிலும் போராட வேண்டும் என்று எழுதினார். தபால் இலாகா அந்த இதழை ஒருநாள் நிறுத்திவைத்தது.

1934-ல் சங்கத்துடன் கொள்கைத் தகராறு. ஆசிரியர் பதவியை விட்டு விலகினார். அந்த நாற்காலியில் ராய் வில்கின்ஸ் அமர்ந்தார்.

1963 ஆகஸ்டு 27-ந் தேதி, கானா நாட்டில் டுபாய்ஸ் காலமானார். வயது 95. மறுநாள் வாஷிங்டனில் உரிமை கேட்டு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் திரண்டிருந்தார்கள். மேடையில் ஏறி அந்தச் சாவுச் செய்தியைச் சொன்னவர் அதே ராய் வில்கின்ஸ். கூட்டம் சற்று நேரம் மௌனமாக நின்றது.