போர் கேமில் சட்டை மாற்றலாம்

"மாமா, சட்டைக் கலரை மண்ணு மாதிரி மாத்திட்டா கம்ப்யூட்டருக்கு நம்ம ஆளைத் தெரியாதுல்ல?"

செம்பட்டியில் அக்கா மகன் கேட்ட கேள்வி இது. புதுக் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து போர் கேம்தான் அவனுக்கு எல்லாம். பதில் சொல்லும் முன், சட்டையை மாற்றும் வழியைப் பார்த்துவிடலாம்.

கேமில் ஓடும் வீரன் ஒரு வெற்று வடிவம். அதன் மேல் போர்த்திய தட்டையான படம்தான் சட்டையும் தொப்பியும். இதை டெக்ஸ்சர் என்பார்கள். இப்படிக் கேமின் பைல்களை நாமே மாற்றுவதற்குப் பெயர் மாட்.

கற்றுக்கொள்ள எளியது, 2003ல் வெளியான 'காம்பாட் மிஷன்: ஆப்ரிகா கார்ப்ஸ்'. வட ஆப்பிரிக்கப் பாலைவனம், இத்தாலி மலை இரண்டுமே இதில் உண்டு. நிஜப் போரிலும் நம் 4வது இந்திய டிவிஷன் இரண்டையும் பார்த்தது. 1940 டிசம்பரில் எகிப்தின் சிதி பர்ரானியில் காக்கி உடை. 1944ல் காசினோ மலைக் குளிரில் கம்பளி உடை. மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவினரும் அந்த டிவிஷனில் இருந்தார்கள். காக்கி என்றால் நமக்குப் போலீஸ் ஞாபகம் வரும். அந்தச் சொல்லின் பொருளோ புழுதி நிறம்.

கேமை இன்ஸ்டால் செய்த போல்டருக்குள் பிஎம்பி என்ற போல்டர் இருக்கும். உள்ளே எண்களையே பெயராகக் கொண்ட படங்கள். முதலில் அந்தப் போல்டர் முழுவதையும் வேறு இடத்தில் காப்பி செய்து வையுங்கள். நான் முதல்முறை இதைச் செய்யாமல் ஒரிஜினல் மீதே சேவ் செய்து, கேமைத் திரும்ப இன்ஸ்டால் செய்ய வேண்டியதாயிற்று.

சட்டைப் படத்தை டெஸ்க்டாப்புக்குக் காப்பி செய்து திறந்திடுங்கள். பெயிண்ட் புரோகிராமில் பக்கெட்டைக் கொட்டி நிறம் நிரப்பாதீர்கள். மடிப்பும் நிழலும் அழிந்து வீரன் பிளாஸ்டிக் பொம்மையாகிவிடுவான். இர்பான்வியூவில் இமேஜ் மெனுவில் உள்ள கலர் கரெக்ஷன்ஸ் மூலம் சிவப்பு, பச்சை, நீல அளவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். எந்த நிறம் என்று குழப்பமாக இருந்தால் வெளியே போய்ப் பாருங்கள். எங்கள் பக்கத்துச் செம்மண் காட்டில் கரும்பச்சைச் சட்டை தூரத்திலேயே பளிச்சென்று தெரியும். மழை பெய்து புல் முளைத்தால் கதை வேறு. ஆகவே பாலைவனத்துக்கு ஒன்று, புல்வெளிக்கு ஒன்று எனத் தனித்தனிப் போல்டரில் இரண்டு செட் வைத்துக்கொண்டோம்.

படத்தின் அளவை மாற்ற வேண்டாம். அதே எண், அதே பிஎம்பி வகையில் சேவ் செய்யுங்கள். ஜேபெக் ஆக்கினால் கேமுக்கு அந்தப் பைல் கிடைக்காது. பிறகு பழைய பைல் மீது பேஸ்ட் செய்திடுங்கள். விண்டோஸ் அனுமதி கேட்டால் கன்டின்யூ கொடுங்கள்.

இப்போது மருமகனின் கேள்வி. கம்ப்யூட்டர் ஏமாறாது. தூரம், மறைவிடம், வெளிச்சம், வீரன் ஓடுகிறானா படுத்திருக்கிறானா என்பவற்றை வைத்துத்தான் கேம் கணக்குப் போடுகிறது; படத்தைப் பார்ப்பதே இல்லை. ஏமாறுவது நம் கண் மட்டுமே. ஈமெயிலில் எதிராளியுடன் ஆடினாலும் அவர் திரையில் அவருடைய பைல்தான் தெரியும்.

"அப்போ எதிரிக்கு ரோஸ் சட்டை போட்டுடறேன்" என்றான். போட்டும்விட்டான். ஆனால் நம் வீரர்கள் கண்டுபிடிக்காத எதிரியைக் கேம் திரையில் காட்டவே காட்டாது. ரோஸ் சட்டைக்காரர்கள் ஒளிந்திருந்த கல் வீட்டுக்கு எதிரே அவனது படை ஹாயாக நடந்து போனது.