வாரம் ஒருமுறை வீட்டோடு பேசுவோம்

டெல்லியில் 2024 நவம்பரில் காற்று மாசு எல்லை மீறியபோது, தொடக்க வகுப்புகள் இணையவழிக்கு மாற்றப்பட்டன. புயல், வெள்ளம், நோய்ப் பரவல் என ஏதேனும் ஒரு காரணத்தால் பள்ளிக் கதவு மூடப்படும்போது, ‘இணையவழியில் பாடம் நடைபெறும்’ என்கிற ஒற்றை வரி அறிவிப்பு இப்போது நமக்குப் பழகிவிட்டது. ஆறு வயதுக் குழந்தையின் வீட்டில் அந்த வரிக்கு என்ன பொருள் என்று கேட்போர் குறைவு.

பெருந்தொற்றுக் காலத்தில் விழுப்புரம் மாவட்டக் கிராமம் ஒன்றின் தொடக்கப் பள்ளியில் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு நான் ஆசிரியர். இரு வகுப்புகளிலும் சேர்த்து 26 குழந்தைகள். அந்த நாள்கள் எனக்குக் கற்றுத்தந்தது இதுதான்: பள்ளி மூடியிருக்கும்போது முதலில் காப்பாற்ற வேண்டியது, குடும்பத்துக்கும் ஆசிரியருக்கும் இடையிலான பேச்சை. அது நின்றுபோனால் எவ்வளவு நல்ல பாடத்தை அனுப்பினாலும் அதைப் பெற்றுக்கொள்ள மறுமுனையில் யாரும் இருப்பதில்லை.

கைபேசி யாருடையது?

2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. 2020இல் முதல் வகுப்பில் பெயர் சேர்க்கப்பட்ட குழந்தை, வகுப்பறையில் முதன்முதலாக உட்கார்ந்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது.

கிராமப்புற மாணவர்களின் வீடுகளில் திறன்பேசி வைத்திருப்போர் விகிதம், 2018இல் 36.5% ஆக இருந்து 2020இல் 61.8% ஆக உயர்ந்ததாக ‘அசர்’ ஆய்வு கூறியது. ஆனால், வீட்டில் கைபேசி இருப்பதும் அது குழந்தையின் கையில் இருப்பதும் வேறு வேறு. என் மாணவர்கள் பலரது வீட்டில் கைபேசி காலையில் அப்பாவோடு வேலைக்குப் போனது. இரவு ஏழு மணிக்கு மேல்தான் திரும்பியது. அதற்குள் அன்றைய இணைய அளவு தீர்ந்திருக்கும், அல்லது குழந்தை தூங்கியிருக்கும்.

கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் ஒளிபரப்பாயின. அவை அக்கறையோடு தயாரிக்கப்பட்டவை. எனினும், தொலைக்காட்சி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, சற்றுப் பொறுத்துத் தானே விடையையும் சொல்லிவிடும். எதிரே இருக்கும் குழந்தை என்ன சொன்னது என்று அதற்குத் தெரியாது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் அந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளக்கூடும். எழுத்துக்கூட்டவே பழகாத குழந்தைக்கு அருகில் ஒரு மனிதர் வேண்டும். பள்ளி மூடியிருக்கும்போது அந்த மனிதர் அம்மா, பாட்டி, அண்ணன் என வீட்டில் இருப்பவர்தான். அப்படியென்றால், தொலைவில் இருக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியரின் முதல் வேலை, அந்த மனிதரோடு தொடர்பில் இருப்பது.

மௌனத்தின் பொருள்

எல்லோரையும்போல் நானும் வாட்ஸ்அப் குழுவில்தான் தொடங்கினேன். பயிற்சித்தாள்களையும் காணொளிகளையும் அனுப்பினேன். நான்கைந்து பெற்றோர் மட்டும் பதில் அளித்தார்கள். மற்றவர்களுக்கு அக்கறை இல்லை என்று முடிவுகட்டினேன்.

உலர் உணவுப் பொருள் வாங்கப் பள்ளிக்கு வந்த ஒரு தாய் அந்த எண்ணத்தை உடைத்தார். “எனக்கு அதுல எழுத வராது டீச்சர். நாலு பேர் பாக்கற எடத்துல தப்பா போட்டா அசிங்கமா இருக்குமில்ல?” என்றார். இன்னொருவர், குழுவிலிருந்து தன் எண்ணை எடுத்து யாரோ அழைப்பதாகச் சொல்லி விலகினார். மௌனமாக இருந்த வீடுகளில் அக்கறை இருந்தது. கூச்சமும் அச்சமும் அதை மறைத்திருந்தன. குழுவைக் கலைத்துவிட்டு, வீடு வீடாகத் தனித்தனியே அழைக்கத் தொடங்கினேன்.

நான் தட்டுத் தடுமாறிச் செய்த இதே வேலையை, 2020இல் ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவில் முறையான ஆய்வாகவே செய்திருந்தார்கள் என்பது பின்னர்தான் எனக்குத் தெரிந்தது. நோம் ஆங்கிரிஸ்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஏறத்தாழ 4,500 குடும்பங்களை மூன்று பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவுக்கு வாரந்தோறும் குறுஞ்செய்தியில் கணக்குகள் மட்டும் சென்றன. இன்னொரு பிரிவுக்கு அத்துடன் 15 முதல் 20 நிமிடத் தொலைபேசி அழைப்பும் சென்றது. மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. அழைப்பின்போது பெற்றோர் ஒலிபெருக்கியை இயக்கிக் குழந்தையை அருகில் அமர்த்திக்கொண்டனர். 2022இல் வெளியான முடிவுகளின்படி, குறுஞ்செய்தி மட்டும் பெற்ற குழந்தைகளிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அழைப்பும் பெற்றவர்களின் அடிப்படைக் கணிதத் திறன் மேம்பட்டிருந்தது. பெற்றோரின் ஈடுபாடும் கூடியிருந்தது. இந்த முறை பிறகு இந்தியா, நேபாளம், கென்யா, உகாண்டா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளிலும் சோதித்துப் பார்க்கப்பட்டது. இதற்கு இணையமோ விலை உயர்ந்த கைபேசியோ தேவையில்லை.

அழைத்து என்ன பேசுவது?

“பையன் படிக்கிறானா?” என்று கேட்டால், “படிக்கிறான் டீச்சர்” என்பதுதான் பதிலாக வரும். அந்தக் கேள்வி விசாரணைபோல் ஒலிக்கிறது. அந்தப் பதில் தற்காப்பு. சில வாரங்களில் நான் வேறோர் ஒழுங்குக்கு வந்தேன். இரவு ஏழரைக்கு மேல்தான் அழைப்பேன். முதல் இரண்டு நிமிடம் வீட்டைப் பற்றிய பேச்சு: வேலை கிடைக்கிறதா, யாருக்கேனும் உடம்பு சரியில்லையா? பிறகு குழந்தையோடு ஐந்து நிமிடம்: ஒரு கதை, இரண்டு கேள்விகள். முடிவில், அந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. அடுத்த வார அழைப்பு, அந்த வேலை என்னவாயிற்று என்பதிலிருந்து தொடங்கும்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் செய்யக்கூடியதாக அந்த வேலை இருக்க வேண்டும். மல்லாட்டை உரிக்கும்போது பயறைப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணச் சொல்லலாம். கிழித்த நாட்காட்டித் தாளில் எண்ணைத் தேட வைக்கலாம். பாட்டி சொன்ன கதையைக் குழந்தை எனக்குத் திருப்பிச் சொல்லலாம். ‘எனக்குப் படிப்பு வராது, நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?’ என்று ஒதுங்கி நின்ற தாய், பயறுக் குவியல்களின் எண்ணிக்கையை அவராகவே அழைத்துச் சொன்ன நாளில், என் வகுப்புக்கு இன்னோர் ஆசிரியர் கிடைத்தார்.

தவறவிட்ட ஒருவன்

இது வெற்றிக் கதை மட்டுமல்ல. 2021 தை மாதத்தில், முதல் வகுப்பு மாணவன் ஒருவனின் வீட்டு எண் இரண்டு வாரங்கள் தொடர்ந்து அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ‘அழைப்பு கிடைக்கவில்லை’ என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனேன். மூன்றாவது வாரமும் அப்படியே எழுதினேன். உலர் உணவுப் பொருள் வாங்க அந்த வீட்டிலிருந்து யாரும் வராதபோதுதான் விசாரித்தேன். பொங்கல் முடிந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எண் மாறியிருந்தது. என்னிடம் இருந்தது அந்த ஒற்றை எண் மட்டும்.

பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்து அவன் வந்தான். ஆயிரம் கல்லுக்கு எவ்வளவு கூலி என்று சொல்லத் தெரிந்த அவனுக்கு, தன் பெயரின் முதல் எழுத்து தெரியவில்லை. மூன்று வாரங்கள் குறிப்பேட்டில் நான் எழுதிய அந்த ஒரே வரி, அவனுக்குப் பல மாதங்களைப் பறித்திருந்தது. இரண்டாம் வாரமே அந்தத் தெருவுக்கு நடந்திருந்தால், எந்த ஊர் என்று அறிந்து அங்குள்ள பள்ளிக்காவது சொல்லியிருக்க முடியும். தொடர்ச்சியான அழைப்பின் முதல் பயன் கற்பித்தல் என்று நினைத்திருந்தேன். யார் காணாமல்போகிறார்கள் என்பதை உடனே காட்டிக்கொடுப்பது அதைவிடப் பெரிய பயன் என்பதை அவனிடம்தான் கற்றேன்.

கணக்கில் வராத வேலை

ஒரு குடும்பத்துக்குக் கால் மணி நேரம் என்றால், 26 குடும்பங்களுக்கு வாரத்தில் ஆறரை மணி நேரம் ஆகிறது. ஏறக்குறைய ஒரு முழுப் பள்ளி நாள். கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பெற்றோரைத் தவறாமல் சந்தித்துக் குழந்தையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதை ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆனால், நம் கால அட்டவணையில் அதற்கென்று ஒரு பாடவேளைகூட இல்லை. அட்டவணையில் இடம்பெறாத கடமை, மனமுள்ளவர்களின் தனிப்பட்ட சேவையாகச் சுருங்கிவிடும்.

2021 அக்டோபரில் இதே விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’யும், 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் கற்றல் இழப்பைச் சரிசெய்ய எடுக்கப்பட்ட முயற்சிகள். அடுத்த இழப்பைத் தடுக்கும் ஏற்பாடுகளும் வேண்டும். சேர்க்கையின்போதே ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு தொடர்பு எண்கள் பெறப்பட வேண்டும். இரண்டாவது, ஊரிலேயே தங்கும் உறவினருடையதாக இருப்பது நல்லது. பள்ளிக்கென்று ஒரு கைபேசி எண் வேண்டும். குறிப்பாகப் பெண் ஆசிரியர்களின் சொந்த எண் ஊரெங்கும் சுற்றக் கூடாது. பள்ளி இயங்கும் காலத்திலேயே வாரம் இரண்டு மணி நேரத்தைக் குடும்பங்களோடு பேசுவதற்கென ஒதுக்கினால், மாதம் ஒருமுறையாவது ஒவ்வொரு வீட்டையும் எட்டிவிடலாம். இந்தப் பழக்கம் இருந்தால்தான், கதவு மூடப்படும் நாளில் அதை வாராந்திர அழைப்பாக உடனே மாற்ற முடியும். நெருக்கடியின் நடுவில் அறிமுகமில்லாத குரலாக ஆசிரியர் ஒரு வீட்டுக்குள் நுழைவது கடினம்.

அந்தச் சிறுவன் பள்ளிக்குத் திரும்பிய பிறகு, அவன் அம்மாவோடு வாரந்தோறும் பேசிவந்தேன். அடுத்த சூளைப் பருவம் தொடங்கும் முன் அவரே அழைத்தார். “நாங்க பொங்கல் முடிஞ்சு சூளைக்குப் போறோம் டீச்சர். பையன ஆயா வீட்ல விட்டுட்டுப் போறேன். ஆயா நம்பர எழுதிக்கங்க” என்றார். குறிப்பேட்டைத் திறந்து எழுதிக்கொண்டேன்.