சின்ன நெகட்டிவ், பெரிய சயனோடைப்: இருட்டறையில் என்ன நடக்கிறது?

35 மி.மீ. நெகட்டிவ் ஒன்றில் சயனோடைப் போட்டால் பிரின்ட்டும் அதே சைஸ்தான். ஏன்? 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த இந்த நீலப் பிரின்ட்டுக்குப் புற ஊதா ஒளி வேணும். சாதாரண என்லார்ஜர் பல்பு போதாது. நெகட்டிவ்வைத் தாளோடு அழுத்தி வெயிலில் வைக்கணும். அப்போ நெகட்டிவ்வையே பெரிசாக்குவதுதான் வழி.

முதலில் ஃபிலிமில் ஒரு பாசிட்டிவ். அதை என்லார்ஜரில் பெரிதாக்கி இன்னொரு ஷீட் ஃபிலிமில் பதித்தால் பெரிய நெகட்டிவ் ரெடி. ஆர்த்தோ ஃபிலிம் என்றால் சிவப்பு விளக்கிலேயே வேலை பார்க்கலாம்.

வில்லங்கம் முதல் படியில்தான். பாசிட்டிவ்வில் நிழல் விவரம் போச்சுன்னா, அடுத்த ஷீட்டில் திரும்பி வராது. அதனால் அதைக் கொஞ்சம் சப்பென்று, எங்கும் வெறும் கண்ணாடியாக விடாமல் எடுக்கிறார்கள். ஒட்டிய தூசியும் சேர்ந்தே பெரிசாகும்!

1920-களில் மெக்சிகோவில் எட்வர்ட் வெஸ்டனும் பிளாட்டினம் பிரின்ட்டுக்காக இந்தப் பாடு பட்டவர்தான். இன்று இன்க்ஜெட் பிரின்டரே பெரிய நெகட்டிவ் தந்துவிடும்.