சட்டை கேட்கிறது, சட்டை பாடுகிறது

உறுமி மேளம் முழங்கும்போது பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். ஓசை காதில் மட்டும் விழுவதில்லை, நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் இறங்குகிறது. செவித்திறன் இல்லாதவர் ஒருவர் அதே இடத்தில் நின்றாலும் அந்த அதிர்வு அவரையும் தொடும். அப்படியானால், அணியும் உடையின் வழியாகவே இசையை உடலுக்குக் கொடுக்க முடியுமா? உலகின் பல பல்கலைக்கழகங்களில் நெசவாளரையும் ஒலிப் பொறியாளரையும் ஒரே மேசையில் உட்கார வைத்திருக்கும் கேள்வி இது. இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

சரிகை மின்கம்பியான கதை

உடை ஒரு கருவியாக வேண்டுமானால் முதலில் மின்சாரம் ஓடும் நூல் வேண்டும். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வுக்கூடத்தில் ரெமி போஸ்ட், மேகி ஆர்த் ஆகிய இருவரும் இதில் இறங்கினார்கள். அவர்கள் பயன்படுத்திய துணிகளில் ஒன்று, இந்தியாவில் நெடுங்காலமாக நெய்யப்பட்டு வரும் பட்டு வகை. அதில் மெல்லிய உலோகத் தகடு சுற்றிய நூல் குறுக்கே ஓடும். நம் பட்டுச் சேலையின் சரிகையும் நூலின் மேல் உலோக இழை சுற்றி உருவாவதுதானே! அழகுக்காகச் சுற்றிய உலோகம் அங்கே மின்கம்பியாக வேலை செய்தது. மின்சாரம் கடத்தும் நூலால் சட்டையின் மேல் எண்பலகையைப் பூவேலை போலத் தைத்தார்கள். விரலால் தொட்டால் சட்டை இசைத்தது.

ஓசை எண்ணாகும் விதம்

அடுத்த வேலை ஒலிப் பொறியாளருடையது. தொலைக்காட்சியில் பேசும்போது எங்கள் சட்டையில் ஒரு சிறிய ஒலிவாங்கியைக் குத்தி வைப்பார்கள். அது குரலின் அசைவை மின்னழுத்த அலையாக மாற்றுகிறது. அந்த அலையைக் கணினி மிகக் குறுகிய இடைவெளிகளில் அளந்து எண்களாகக் குறித்துக் கொள்கிறது. இசைக் குறுந்தட்டில் ஒரு விநாடிக்கு 44,100 முறை இப்படி அளக்கிறார்கள். ஏன் இத்தனை முறை? மனிதக் காது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் ஓசையைக் குறையின்றி மீட்டெடுக்க வேண்டுமானால், அதன் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பது விதி.

எண்களாகிவிட்ட ஓசையைப் பிறகு கூறு போடலாம். கனத்த ஓசை ஒரு பக்கம், கீச்சென்ற ஓசை மறுபக்கம். கார் வானொலியில் 'பேஸ்', 'ட்ரெபிள்' என்று திருகுகிறோமே, அதே வேலைதான். கணினி அதை இன்னும் நுணுக்கமாகச் செய்கிறது.

தோலுக்கும் ஓர் எல்லை உண்டு

இங்கேதான் சிக்கல். நம் தோல் காதைப் போலக் கூர்மையானதல்ல. ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வை அது பெரும்பாலும் உணர்வதில்லை. 250 ஹெர்ட்ஸ் அளவில்தான் அதற்குக் கூர்மை அதிகம். தவில் ஓசை எளிதில் உறைக்கும். வயலினின் உச்ச ஸ்வரம் தோலை ஏமாற்றிவிட்டுப் போய்விடும்.

இதற்கு ஆய்வாளர்கள் இரண்டு வழிகளைக் காட்டினார்கள். முதல் வழி, ஓசையைப் பிரித்து உடலின் பல இடங்களுக்குப் பங்கு போடுவது. லண்டனின் கியூட் சர்க்கிட் நிறுவனம் 2016இல் ஹம்பர்க் இளையோர் இசைக்குழுவுக்காக உருவாக்கிய 'சவுண்ட் ஷர்ட்' இந்த வகை. மேடை ஒலிவாங்கிகள் பிடிக்கும் இசையைக் கணினி பிரித்து, சட்டைக்குள் இருக்கும் சிறு அதிர்விகளுக்குக் கம்பியில்லாமல் அனுப்புகிறது. வயலின் கையில் ஓடும், முரசு முதுகில் அதிரும்.

இரண்டாவது வழி நம் வட்டாரத்தில் பிறந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இலங்கையரான சுரங்க நாணயக்கார முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்தபோது ஒரு நாற்காலியை வடிவமைத்தார். அதில் பொருத்திய ஒலிபெருக்கிகள் இசையின் அதிர்வைப் பாதம், முதுகு, கைகளுக்குக் கொண்டு சேர்க்கும். இசையைக் கூறு போடவில்லை, செயற்கையாக எதையும் சேர்க்கவும் இல்லை. இருந்த அதிர்வைப் பெரிதாக்கியதோடு சரி. ஆனால் அதற்கு முன் அந்தக் குழு செய்த வேலையை நாம் கவனிக்க வேண்டும். 'உங்களுக்கு இசை என்றால் என்ன, அதில் என்ன வேண்டும்?' என்று செவித்திறன் குறைந்தவர்களிடமே விசாரித்தார்கள். 2009இல் வெளிவந்த அந்த ஆய்வில் 43 பேர் பங்கெடுத்தார்கள்.

எது சிறந்த வழி? இசையைப் பிரித்துக் கொடுத்தால் கருவிகளை இனம் காணலாம், ஆனால் எந்த வாத்தியம் எங்கே அதிர வேண்டும் என்பதை வடிவமைப்பாளர் முடிவு செய்துவிடுகிறார். அப்படியே கொடுத்தால் இசையின் முழுமை காக்கப்படும், ஆனால் மேல்ஸ்தாயி மறைந்து போகும். காது கேட்கும் நாம் இதற்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அணிந்து பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும்.

துணியே செவியானால்

2022இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இன்னொரு படி முன்னேறினார்கள். காதுச் சவ்வின் அமைப்பைப் பார்த்து, ஓசை பட்டால் மின்சாரம் எழுப்பும் ஓர் இழையைத் துணியில் நெய்தார்கள். அதைச் சட்டையின் உட்புறத்தில் நெஞ்சருகே தைத்தால் இதயத் துடிப்பைப் பிடிக்கிறது. முதுகில் இரண்டு இழைகளைத் தைத்தபோது, கைதட்டும் ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதையும் சொன்னது. பத்து முறை சலவை இயந்திரத்தில் போட்டு எடுத்தும் துணி கெடவில்லை. அந்த ஆய்வின் முதன்மை ஆசிரியர் வெய் யான் பின்னர் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

கருவுற்ற தாய்க்கும் இதய நோயாளிக்கும் இது வரமாகலாம். ஆனால் கேட்கும் சட்டை பிறர் பேச்சையும் கேட்கும் அல்லவா? கைத்தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போகலாம், சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் பேச முடியுமா? பதிவாகும் ஓசை எங்கே போகிறது, யாரிடம் சேர்கிறது என்ற கேள்வியைச் சட்டை கடைக்கு வருமுன்பே எழுப்ப வேண்டும். விலையும் ஒரு தடைதான். செவிப்புலனற்ற பிள்ளையின் பெற்றோரால் வாங்க முடியாத உடை, கண்காட்சிப் பொருளாகவே நின்றுவிடும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தையலில் கைதேர்ந்த மகளையோ, மிருதங்கம் பயிலும் மகனையோ 'அறிவியலுக்கு ஒத்துவராத பிள்ளை' என்று ஒதுக்கிவிடாதீர்கள். இந்த ஆய்வுக்கூடங்களில் ஊசி பிடிக்கத் தெரிந்தவருக்கும் தாளம் தெரிந்தவருக்கும் இன்று வேலை இருக்கிறது.